எட்டாவது அட்டை

"இதுதான் கடைசி. மேக் த பெட்," என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதி முடித்து, அட்டையை நீட்டினாள் டீச்சர். படுத்த படுக்கையாக இருந்தும் அவள் எழுத்து மட்டும் கோணவில்லை. மாஸ்டர் அதை வாங்கி நடுவில் கத்தரியை வைத்தார். பாதி வெட்டியபோது என்னவோ போலிருக்க, நிமிர்ந்து பார்த்தார். அவள் தலையணையில் சாய்ந்திருந்தாள். மார்பு ஏறி இறங்கவில்லை. கூப்பிட்டார். தோளைத் தொட்டு இன்னொரு தரம் கூப்பிட்டார். கையிலிருந்த கத்தரி அதன்பாட்டுக்கு மிச்சத்தையும் வெட்டியிருந்தது. நாற்பது வருஷமாக லட்சக்கணக்கான சட்டைகளுக்குத் துணி வெட்டிய கை, அந்த ஒரு வெட்டைக் கோணலாக வெட்டிவிட்டது.

அப்போது மணி பன்னிரண்டரை. அடுத்த தெரு டாக்டர் வந்து பார்த்துத் தாளில் எழுதிக் கொடுத்தார். மகளுக்கு போன் போட்டதும், அவள் ஒரு மணி நேரத்தில் வந்து சேர்ந்து, அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுது தீர்த்தாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு ஆக வேண்டியதைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிப் பிணவறைக்கு எடுத்துப்போக ஆறு மணிக்கு வண்டி வரும், நாளைக் காலை பத்து மணிக்கு அடக்கம் என்று பேசி முடித்தாள்.

பத்து மணி என்று காதில் விழுந்ததும் மாஸ்டர் சுவர்க் காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். நாளைக் காலை அதே பத்து மணிக்குத்தான் டீச்சரிடம் படிக்கும் ஏழு பேருக்கும் ஆங்கிலம் பேசும் பரீட்சை. இன்றைக்கு நாலு மணிக்குக் கடைசி வகுப்பு.

அந்த வீட்டில் டீச்சரும் உண்டு, மாஸ்டரும் உண்டு. ஆனால் அவர் சட்டைக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். இங்கிலீஷில் ஏ எது, பி எது என்று கேட்டால் முழிப்பார். அவள் பதினோரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் முன்னறையில் வகுப்பு நடத்தினாள். வருகிறவர்கள் எல்லாம் வேலை பார்த்துக் களைத்தவர்கள். வாயைத் திறந்தால் தப்பாகிவிடுமோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு அவள் இலக்கணம் சொல்லித் தரவில்லை. எந்த வார்த்தைக்குப் பக்கத்தில் எந்த வார்த்தை வந்து நிற்கும் என்பதை மட்டும் அட்டையில் எழுதி, இரண்டாக வெட்டி, ஆளுக்குப் பாதி கொடுத்து, உன் ஜோடியைத் தேடிப் பிடி என்று எழுப்பி விடுவாள்.

வெட்டுவது மாஸ்டர் வேலை. முதல் வாரம் அவர் தொழில் திறமையைக் காட்டுகிறேன் பேர்வழி என்று ஒவ்வொரு அட்டையையும் ஒவ்வொரு வளைவாக வெட்டிக் கொடுத்துவிட்டார். படிக்கவே தெரியாதவன்கூட ஓரத்தைப் பொருத்திப் பார்த்து ஜோடியைக் கண்டுபிடித்தான். வகுப்பு முழுக்க நூற்றுக்கு நூறு. "அடப்பாவி மாஸ்டர்! இது என்ன சட்டைக் கையா?" என்று டீச்சர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அன்றிலிருந்து எல்லாம் நேர்வெட்டுத்தான்.

மூன்று நாள் முன்பு அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "நான் இருந்தாலும் இல்லாட்டியும் ஞாயித்துக்கிழமை கிளாஸ் நடக்கணும். எனக்கு ஒண்ணுன்னா இதுங்க பரீட்சையை விட்டுட்டு இங்க வந்து ஒக்காந்து அழும். சமையல்காரர் ரெண்டு தரம் கோட்டை விட்டாச்சு. மூணாவது தரமும் போச்சுன்னா அந்த மனுஷன் இனிமே வாயே திறக்க மாட்டார். பரீட்சை முடியற வரைக்கும் சொல்லாதீங்க."

"நான் எப்படிடி கிளாஸ் எடுக்கறது?"

"பதினோரு வருஷமா சமையலறைல ஒக்காந்து கேட்டீங்கள்ல? அது போதும்."

சரி என்று தலையாட்டிவிட்டார். தலையாட்டுவது சுலபம்.

"அப்பா, உங்களுக்கு என்ன மூளை கலங்கிடுச்சா?" என்றாள் மகள். "அம்மா உள்ள கிடக்கறாங்க. வெளிய நீங்க கிளாஸ் எடுக்கப் போறீங்களா?"

"அவ சொன்னாம்மா. நான் சரின்னுட்டேன்."

"அவங்களுக்கு மட்டும் அம்மாவைப் பார்க்கணும்னு இருக்காதா? நாளைக்குத் தெரிஞ்சா உங்களை மன்னிப்பாங்களா?"

 அவருக்கும் அதே பயம்தான். "ஒன்றரை மணி நேரம். கதவைச் சாத்திட்டு நீ அம்மா பக்கத்துல இரு," என்றார். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள், ஆனால் தாழ் போடவில்லை. எந்த நிமிஷத்தில் திறந்துகொண்டு வந்து போட்டு உடைப்பாளோ என்று அவருக்குப் பக்கென்றிருந்தது.

நாலு மணிக்கு ஏழு பேரும் வந்தார்கள். நர்ஸ், சமையல்காரர், முடி திருத்துகிற பெண், எலக்ட்ரீஷியன், சலவைக் கடையில் வேலை செய்யும் அக்கா தங்கை. கடைசியாக மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவர் லாரி டிரைவர். அவருக்கு வகுப்பில் அவசரம் என்றுதான் பேர்.

"டீச்சர் எங்க மாஸ்டர்?"

"டீச்சரால இன்னைக்குப் பேச முடியாது," என்றார். "என்னை எடுக்கச் சொல்லிட்டாங்க." இரண்டும் பொய் இல்லை. ஆனாலும் முதுகில் வியர்த்தது.

"மாஸ்டரா? இங்கிலீஷா?" என்று அவசரம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டார்.

ஒரு சுற்றுக்கு நாலு ஜோடி வீதம் எடுத்துக் கலைத்துக் கொடுத்தார். ஏழு பேருக்கு ஏழு பாதி. எட்டாவது பாதியை எப்போதும் டீச்சர் வைத்துக்கொள்வாள். அதை மேஜையின் ஓரத்தில், அவள் வைக்கிற இடத்தில் வைத்தார். மிஞ்சி நிற்கிறவர் அதை எடுத்துத் தன் பாதியோடு சேர்த்துக்கொண்டார்.

அட்டையில் இருந்ததை அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் ஜோடி ஜோடியாக நின்று அவர்கள் உரக்கச் சொன்னபோது, எது சரி எது தப்பு என்று காது சொல்லிக் கொடுத்தது. ஹெவி ரெய்ன். சரி. ஸ்ட்ராங் டீ. சரி. எலக்ட்ரீஷியனும் அவசரமும் ஜோடி சேர்ந்து, "பிக் ரெய்ன்," என்றார்கள். பருப்பில் கல் கடிபட்டதுபோல மாஸ்டருக்கு முகம் சுருங்கியது.

"இல்லப்பா. அது இல்ல."

"ஏன் மாஸ்டர்? பெரிய மழைதானே?"

ஏன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் இதே கேள்விக்கு அவள் சொன்னதை நூறு தரம் கேட்டிருக்கிறார். "பசி எடுக்குதுன்னு சொல்றோம். குளிர் அடிக்குதுன்னு சொல்றோம். பசி அடிக்குதுன்னு எவனாவது சொல்றானா? ஏன்னு கேட்டா யாருக்குத் தெரியும்? ரொம்ப நாளாக் கூடவே இருந்துட்டுதுங்க. அவ்வளவுதான். பிரிச்சு வச்சா நல்லா இருக்காது."

சொல்லி முடித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமுவதுபோல் இருமிச் சமாளித்தார். யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் ஹெவி, ஹெவி என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த சுற்றில் சமையல்காரர், "ஈட் மெடிசின்," என்றார்.

"டேக்குங்க, டேக்!" என்று மற்ற ஆறு பேரும் ஒன்றாகக் கத்தினார்கள். போன பரீட்சையில் அவர் கோட்டை விட்ட இடங்களில் அதுவும் ஒன்று. மனிதர் காது வரை சிவந்துபோய், "டேக் மெடிசின், டேக் மெடிசின்," என்று ஜெபம்போல் சொல்லிக்கொண்டார்.

ஐந்து மணி சுமாருக்கு நர்ஸ் தண்ணீர் குடிக்கப் போனாள். சமையலறைக்கு உள்ளறையைத் தாண்டித்தான் போக வேண்டும். மாஸ்டர் தடுப்பதற்குள் போய்விட்டாள். கதவு லேசாகக் கிறீச்சிட்டது கேட்டது. பிறகு சத்தமே இல்லை. அவர் கையிலிருந்த அட்டைகளை மறுபடி மறுபடி கலைத்துக்கொண்டிருந்தார். தொலைந்தது, இதோ அழுகைச் சத்தம் கேட்கப் போகிறது என்று நினைத்தார்.

நர்ஸ் திரும்பி வந்தாள். கண்ணிமைகள் ஈரமாக இருந்தன. மாஸ்டரைப் பார்க்காமல் தன் இடத்தில் உட்கார்ந்து, கையை நீட்டினாள். "அடுத்த அட்டை குடுங்க மாஸ்டர்," என்றாள். குரல் மட்டும் கொஞ்சம் கனத்திருந்தது.

கடைசிச் சுற்று. ஆறு பேர் ஜோடி சேர்ந்துவிட்டார்கள். மிஞ்சியவர் சமையல்காரர். அவர் மேஜையோரத்துப் பாதியை எடுக்கவில்லை. "டீச்சர்னா கூட நின்னு சொல்வாங்க. இந்தத் தடவை நீங்கதான் மாஸ்டர் எனக்கு ஜோடி," என்றார்.

"எனக்கு எங்கப்பா படிக்கத் தெரியும்?"

"நான் மட்டும் ரெண்டு தரம் பெயிலாகலையா? வாங்க மாஸ்டர்!"

ஏழு பேரும் கைதட்டினார்கள். மாஸ்டர் அந்தப் பாதியை எடுத்தார். அவருக்கு எழுத்து புரியவில்லை. ஓரம் புரிந்தது. அது கோணலாக வெட்டுப்பட்டிருந்தது.

சமையல்காரர் தன் பாதியைப் பக்கத்தில் வைத்து, எழுத்துக் கூட்டி, "மேக்," என்றார். நிறுத்திவிட்டு மாஸ்டரின் வாயையே பார்த்தார்.

மாஸ்டருக்குத் தெரியும். படுக்கையைச் சரி பண்ணுவது. காலையில் எழுந்ததும் போர்வையை உதறிப் போட்டுவிட்டுப் போகிற அவரைப் பார்த்து அவள் தினமும் போடுகிற சத்தம் அது. சொன்னதைக் காதில் வாங்காமல் அவர் தேநீர் போடப் போய்விடுவார். பிறகு அவளே சரி செய்வாள். இன்றைக்குப் பகல் பன்னிரண்டரைக்கு அவள் கடைசியாகச் சொன்னதும் அதுதான்.

"த பெட்," என்றார் மாஸ்டர்.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஆள் முன்னால் அவர் பேசிய இங்கிலீஷ். வீடே அதிரக் கைதட்டினார்கள். "மாஸ்டரே பாஸ், நாம ஆக மாட்டோமா!" என்று சமையல்காரர் அவரைக் கட்டிக்கொண்டார். அவர் தோளில் முகத்தை வைத்துக்கொள்ள ஒரு நிமிஷம் கிடைத்தது.

ஐந்தரைக்கு எல்லாரும் கிளம்பினார்கள். "டீச்சர்கிட்ட சொல்லிடுங்க, நாளைக்குப் பாஸ் பண்ணிட்டு வந்து கால்ல விழறோம்னு," என்றார் அவசரம். மாஸ்டர் தலையாட்டினார்.

நர்ஸ் மட்டும் செருப்பை மாட்டாமல் நின்றாள்.

"பார்த்துட்டியாம்மா."

"பார்த்தேன் மாஸ்டர். நாளைக்குப் பத்து மணிக்கு ஏழு பேரும் பரீட்சை ஹால்ல இருப்போம். அதுக்கு நான் பொறுப்பு. வெளிய வந்ததும் நானே சொல்லிக்கறேன்." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அடக்கம் எப்போ?"

"பத்து மணி."

அவள் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது உள்ளறையிலிருந்து மகள் போனில் பேசுவது கேட்டது.

"மத்தியானம் பேசினேனே, அது நான்தாங்க. பத்து மணி வேண்டாம். ரெண்டு மணிக்கு மாத்திக்க முடியுமா? ... ஆமாங்க. எங்க வீட்டு ஆளுங்க ஏழு பேர் வரணும். அவங்க வராம எடுக்க முடியாது."

நர்ஸ் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

ஆறு மணிக்கு வண்டி வந்தது. இரண்டு பேர் வந்து டீச்சரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மகள் கூடப் போனாள். "நீங்களும் வாங்கப்பா," என்றாள். "நீ ஏறும்மா, இதோ வந்துடறேன்," என்றார்.

திரும்பி உள்ளே வந்தார். விரிப்பு கசங்கி, அவள் படுத்திருந்த இடம் குழிந்து கிடந்தது. மடிப்பில் பேனா ஒன்று மூடி இல்லாமல் கிடந்தது. அதை எடுத்து மூடிவிட்டு மேஜையில் வைத்தார். விரிப்பை உருவி, ஒரு உதறு உதறி, நான்கு மூலைகளையும் இழுத்து, சுருக்கம் போக உள்ளங்கையால் நீவினார். ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகினார். அவளுடைய தலையணையைத் தட்டி, அவள் பக்கத்திலேயே வைத்தார். வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். ஒரு மூலை சரியாக வரவில்லை. அதைப் பிரித்து மறுபடி மடித்தார்.