வலது கன்னத்துக்கு மட்டும்

ராத்திரி படுக்கப் போகும்முன் முகத்துக்குக் கிரீம் பூசலாமா கூடாதா என்று ஊரில் யார் வேண்டுமானாலும் வாக்குவாதம் செய்துகொள்ளட்டும். குண்டூசிக்கு அந்தக் குழப்பமே கிடையாது. வலது கன்னத்தில் பூசியே ஆக வேண்டும், இடது கன்னத்தில் தொடவே கூடாது. முதலாளி உத்தரவு.

ஆள் ஒல்லி, பேச்சு சுருக்கென்று குத்தும். அதனால் கடையில் எல்லாருக்கும் அவள் குண்டூசி. அந்த அழகுசாதனக் கடையில் சோப்பும் பவுடரும் கிரீமும் அவள் பொறுப்பு. மூடப்போகிற ஒரு மொத்தக் கடையிலிருந்து முதலாளி அடிமாட்டு விலைக்கு இரவுக் கிரீமைப் பெட்டி பெட்டியாக அள்ளிக்கொண்டு வந்திருந்தார். வந்த சரக்கு வந்த இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. அப்போதுதான் அவர் மூளை வேலை செய்தது.

"ராத்திரி ஒரு கன்னத்துல மட்டும் பூசிட்டுத் தூங்கு. ஒரு மாசம் கழிச்சு வர்றவங்க ரெண்டு கன்னத்தையும் பாக்கட்டும். கண்ணால பாத்துட்டா எவன் பேரம் பேசுவான்?"

"என் மூஞ்சி என்ன சாம்பிள் பாக்கெட்டா முதலாளி?"

"புதுக் கடை தொறக்கறேன்ல, அதைப் பாத்துக்க ஒரு ஆள் வேணும்ல," என்றார் அவர், கூரையைப் பார்த்துக்கொண்டு.

அந்த ஒரு வார்த்தையில் விழுந்தாள். கால் கடுக்க நின்றே விற்றவளுக்கு உட்கார ஒரு நாற்காலியும் கையில் கல்லாச் சாவியும் கிடைக்கும் என்றால், கன்னம் என்ன பெரிய விஷயம்?

வீட்டில் அவள் அக்காதான் தலையில் அடித்துக்கொண்டாள். "உனக்கே எண்ணெய் வழியற மூஞ்சி. காஞ்ச தோலுக்காரங்க பூசறதை நீ எதுக்குடி பூசற?"

"வேலைக்காகத்தான்க்கா."

"வேலைக்குக் கையைக் குடுப்பாங்க, காலைக் குடுப்பாங்க. மூஞ்சியைக் குடுத்தவளை இப்பத்தான் பாக்கறேன்."

அக்கா பயந்ததுதான் நடந்தது. மாதம் முடிவதற்குள் வலது கன்னம் முழுக்கச் சிவந்து பரு கிளம்பிவிட்டது. தலையணை பட்டால் எரிச்சல். இடது கன்னம் மட்டும் அது பாட்டுக்கு எப்போதும்போல இருந்தது.

குறித்த நாளில் முதலாளி அவள் நிற்கும் இடத்துக்குப் பின்னால் வலப்பக்கம் 'பூசியது', இடப்பக்கம் 'பூசாதது' என்று இரண்டு சீட்டு ஒட்டி வைத்திருந்தார். அவளை விளக்கடியில் நிறுத்தி, பழம் வாங்குகிறவர்போல இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை இல்லை.

"சீட்டை மாத்தி ஒட்டு."

"எதுக்கு?"

"பூசாம விட்டா இப்படித்தான் ஆகும்னு சொல்லு. இன்னும் நல்லாப் போகும்."

குண்டூசிக்குக் காது மடல் சூடேறியது. பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் ஒரு பெண் உள்ளே வந்தாள். ஐஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவள். பழைய சுவரில் சுண்ணாம்பு உதிர்வதுபோலக் கன்னத்தில் தோல் செதில் செதிலாக நின்றது.

"இதை ராத்திரி பூசிட்டுப் படுக்கலாமா தங்கச்சி? மூஞ்சி மூச்சு விட வேணாமான்னு கேக்கறார் எங்க வீட்டுக்காரர்."

முதலாளி இருமினார். சீட்டை மாற்று என்று அர்த்தம்.

"அதுக்குத்தான் மூக்கு இருக்கேக்கா," என்றாள் குண்டூசி. "உங்க தோலு காஞ்சு கெடக்கு. மூஞ்சி கழுவிட்டு, ஈரம் காயறதுக்குள்ள கொஞ்சமாத் தடவுங்க. உங்களுக்கு நல்லது. எனக்கு எண்ணெய்த் தோலு, ஆகல. நான் பூசினது இந்தக் கன்னத்துல. நல்லாப் பாத்துக்கோங்க."

அந்தப் பெண் பார்த்தாள், உச்சுக்கொட்டினாள். "உள்ளதைச் சொன்ன பாரு," என்று இரண்டு டப்பா வாங்கிக்கொண்டு போனாள்.

வசவு வரும், திருப்பிக் கொடுக்கலாம் என்று குண்டூசி தயாராக நின்றாள். முதலாளி முகத்திலோ சிரிப்பு பொங்கி வழிந்தது.

"அடி சக்கை. உண்மையைச் சொன்னா ரெண்டா வாங்கறாங்களே. இனிமே எல்லார்கிட்டயும் இதையே சொல்லு. ஆனா ஒண்ணு, அந்தப் பரு ஆறிடக் கூடாது. தினமும் பூசிட்டு வா."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"பூச மாட்டேன்."

"சரி, ஒருநாள் விட்டு ஒருநாள்."

"மாட்டேன்னு சொன்னேன்."

"கன்னம் முழுக்க வேணாம்மா. தாடை ஓரமா நாலு பரு. கண்ணுக்குத் தெரிஞ்சாப் போதும்."

சந்தையில் கத்தரிக்காயைக் கேட்பதுபோல அவள் முகத்தைக் கூறு போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார் மனுஷன்.

"உங்க பொண்ணு கன்னத்துல பூசி அனுப்புங்க முதலாளி. அவளுக்கும் எண்ணெய்த் தோலுதான். பக்கத்துல நின்னு நானே வித்துத் தர்றேன்."

சிரிப்பு நின்றது. "வீட்டுப் பொம்பளைங்களை இழுக்காதே."

"நான் மட்டும் குடோன்லயா பொறந்தேன்?"

"புதுக் கடை வேணுமா, வேணாமா?"

குண்டூசி இரண்டு சீட்டையும் பிய்த்துக் கசக்கி அவர் மேஜையில் வைத்தாள். "அந்தக் கடைக்கு உங்களுக்குப் பிடிச்ச மூஞ்சியாப் பாத்து வெச்சுக்கோங்க. நான் நாளைக்கும் வருவேன், இங்கயே நின்னு விப்பேன். வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க."

அவர் சொல்லவில்லை. அவளைப்போல விற்க ஆள் கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

கடைக்குப் பின்னால் இருந்த குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தண்ணீர் பட்டதும் கன்னம் திகுதிகுவென்று எரிந்தது. அவர் கேட்டதைவிட, நாற்காலி ஆசையில் தானே அரை முகத்தை எடுத்து நீட்டியதுதான் அதிகமாக எரிந்தது. நாற்காலியும் போயிற்று. போகட்டும் என்று சொல்ல மனசு வரவில்லை. திரும்பப் போய்க் கேட்கவும் மனசு வரவில்லை.

கதவை யாரோ மெல்லத் தட்டினார்கள்.

"ஏம்மா," என்றது முதலாளியின் குரல், ரகசியம்போல. "மூக்கு நுனி மட்டும்?"

அவள் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள்.