தீபத்தன்று நடந்த வகுப்பு

கல்லூரி முதல்வர் சக்கரவர்த்திக்கு எங்காவது கருத்தரங்கில் ஒரு புதுப் பெயர் காதில் விழுந்துவிட்டால் போதும், ஊர் திரும்பியதும் அந்தப் பெயருக்கு ஓர் அறை ஒதுக்கிப் பலகை மாட்டிவிடுவார். ‘மாணவர் கற்றல் ஆதரவு மையம்’ அப்படி வந்ததுதான். மலை முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் பக்கத்தில், திருவண்ணாமலையை விட்டு விலகி இருந்தது அந்தத் தனியார் கல்லூரி. மையத்தில் இரண்டு ஏசி, பிளாஸ்டிக் உறை பிரிக்காத இருபது நாற்காலிகள், எட்டு கணினிகள். மூன்றுக்குத்தான் இணைப்பு இருந்தது. கண்ணாடி அலமாரி நிறையப் புதுப் புத்தகங்கள். சாவி முதல்வரின் மேஜை டிராயரில்.

மையத்துக்கு ஒருங்கிணைப்பாளர் அருணாதேவி. கணிதத்தில் எம்.ஃபில். முடித்து எட்டு வருடமாக அங்கே பாடம் நடத்துகிறவள். கணிதத்தில் சேரும் பிள்ளைகள் குறைந்துபோனதால் அவளுக்குப் பாடவேளை போதவில்லை. சம்பளத்துக்குக் கணக்குக் காட்ட இங்கே உட்கார வைத்தார்கள்.

அவளுக்கு அந்த இடத்தில் மதிக்கத் தகுந்தவர் என்று ஒருவர்கூட இல்லை. மேடை ஏறினால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை “விஷன்” என்று சொல்லும் சக்கரவர்த்தியை மதிக்கவில்லை. அவர் சொல்வதற்குள் தலையாட்டும் துறைத் தலைவர்களை மதிக்கவில்லை. மையத்துக்கு வரும் பிள்ளைகளையும்தான். பாதிப் பேர் ஏசிக்காக வந்தார்கள். மீதிப் பேர் “இம்பார்ட்டன்ட் கொஸ்டின் மட்டும் குடுங்க மேடம்” என்று கை நீட்டினார்கள். இத்தனை அசடுகளுக்கு நடுவே மூளையோடு இருப்பது தான் ஒருத்திதான் என்ற நினைப்பு அவளுக்கு ஒரு முதுகெலும்பு மாதிரி. அதை வைத்துத்தான் எட்டு வருடமாக நிமிர்ந்து நடந்தாள்.

தை பிறந்ததும் சக்கரவர்த்தி கூப்பிட்டனுப்பினார். மாசியில் கல்லூரிக்குத் தரம் போட மதிப்பீட்டுக் குழு வருகிறது.

“மூணு வருஷத்துக்கு ரெமிடியல் கிளாஸ் ரெஜிஸ்டர் வேணும்மா.”

“சென்டர் தொறந்தே அஞ்சு மாசந்தான் சார் ஆவுது.”

“அதனாலதாம்மா வேணும்னு சொல்றேன்” என்றார் அவர், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

அவள் எழுதினாள். ஒன்பது நாளில் மூன்று பதிவேடுகள். ‘மெதுவாகக் கற்போர்’ என்று தலைப்புப் போட்டு, பழைய வருகைப் பட்டியலிலிருந்து பெயர்களை எடுத்து, நாலு நிறப் பேனாவில், பிள்ளைகளின் கையெழுத்தையும் தானே மாற்றி மாற்றிப் போட்டாள். தாளின் ஓரங்களில் டீத்தண்ணியைத் தடவிப் பழசாக்கினாள். இந்தக் கோமாளித்தனத்தை இதைவிடச் சுத்தமாக யாராலும் செய்ய முடியாது என்று உள்ளுக்குள் ஒரு சிரிப்பு. தான் செய்வது கேலி, மற்றவர்கள் செய்வதுதான் மோசடி என்று அவளுக்கு ஒரு கணக்கு.

அதற்கு அடுத்த வாரம் கவிநிலா வந்தாள். மூன்றாம் வருடக் கணிதம். கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். பன்னிரண்டாவது வரைக்கும் தமிழில் படித்தவள். ரியல் அனாலிசிஸ் தாளில் இரண்டு முறை தவறியிருந்தாள். அருணாதேவி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஜெராக்ஸ் கட்டை நகர்த்தினாள்.

“நோட்ஸ் இருக்குது. எடுத்துக்கோ.”

“நோட்ஸ் என்கிட்டயும் இருக்குது மேடம். ஒரு வரியில இருந்து அடுத்த வரிக்கு எப்பிடிப் போறாங்கன்னுதான் தெரில.”

நோட்டை விரித்து ஒரு நிரூபணத்தைக் காட்டினாள். எக்ஸ் ஸ்கொயர் தொடர்ச்சியான சார்பு என்று காட்டும் கணக்கு. நடுவில் டெல்டா ஒன்றைவிடக் குறைவு என்று ஒரு வரி. விரலை அதன்மேல் வைத்தாள்.

“இந்த ஒன்னு எங்கேந்து வந்துச்சி மேடம்?”

அருணாதேவி நோட்டைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். அவளும் அந்த ஒன்றை மனப்பாடம் செய்துதான் தேறியிருந்தாள். எட்டு வருடமாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டும் இருக்கிறாள். எங்கிருந்து வந்தது என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை, தானும் கேட்டுக்கொண்டதில்லை.

“எனக்கு இப்ப மீட்டிங் இருக்குது. திங்கக்கெழம வா” என்றாள். மீட்டிங் எதுவும் இல்லை. அந்தப் பெண்ணுக்கும் அது தெரிந்த மாதிரிதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வேங்கிக்கால் வீட்டில், சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் அருணாதேவி காகிதத்தோடு உட்கார்ந்தாள். மூன்று பக்கம் கிறுக்கிய பிறகு சட்டென்று பிடிபட்டது. வெட்கமாகவும் இருந்தது, பல வருடமாக இல்லாத ஒரு சந்தோஷமாகவும் இருந்தது.

திங்கட்கிழமை கவிநிலாவிடம் சொன்னாள்: “அந்த ஒன்னு எங்கேந்தும் வரல. நாமளா வெக்கிறோம். கன்னுக்குட்டிய மொளக்குச்சியில கட்றோமில்ல, கயிறு எவ்ளோ நீளம்னு யார் முடிவு பண்றாங்க? நாமதான. எக்ஸு ஜாஸ்தி தூரம் போயிடாம இருக்க ஒரு கயிறு. அவ்ளோதான்.”

கவிநிலா நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப ரெண்டு வெச்சாலும் வருமா மேடம்?”

“வரும். கீழ வகுக்கிற எடத்துல மட்டும் மாத்திக்கணும். போட்டுப் பாரு.”

போட்டுப் பார்த்தாள், வந்தது. மறுநாள் இன்னும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நாற்காலிகளின் பிளாஸ்டிக் உறையை அவர்களே பிரித்தார்கள். மூன்று வாரம் அருணாதேவி மத்தியானச் சாப்பாட்டைப் பத்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு ஓடி வந்தாள். மற்ற ஆசிரியர்களை இன்னும் கொஞ்சம் அதிகமாகவே இகழ ஆரம்பித்தாள். இப்போது அதற்குக் காரணமும் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள்.

குழு வருவதற்கு முந்தின நாள் சக்கரவர்த்தி மையத்தைச் சுற்றிப் பார்த்தார். பதிவேடுகளை மேஜையில் வரிசையாக அடுக்கச் சொன்னார். புத்தகங்கள் கைக்கு எட்டுகிற மாதிரி இருக்கட்டும் என்று அலமாரிச் சாவியைக் கொடுத்தார். மூலையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நால்வரையும் பார்த்துவிட்டு அருணாதேவியைத் தனியே அழைத்தார்.

“நாளைக்கு இவங்க வேணாம்மா. கேட்டா இங்கிலீஷ்ல பதில் சொல்லத் தெரியாது. பி.காம்.ல பத்துப் பசங்கள ரெடி பண்ணி வெச்சிருக்கேன். அவங்க உக்காருவாங்க.”

“படிக்கிறது இவங்கதான் சார்.”

“கமிட்டிக்குக் காட்டறதுக்கும் படிக்கிறதுக்கும் என்னம்மா சம்பந்தம்?”

அவர் போனதும் அருணாதேவி திரும்பினாள். கவிநிலா மேஜையருகே நின்று ஒரு பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

“மேடம், இதுல என் பேர் இருக்குது.”

அருணாதேவி பதிவேட்டை வாங்கக் கை நீட்டினாள், கவிநிலா கொடுக்கவில்லை.

“போன வருஷம் நாப்பது நாள் வந்திருக்கேன்னு போட்டிருக்குது. கையெழுத்தும் இருக்குது. என்னுது இல்ல.” இன்னும் இரண்டு பக்கம் புரட்டினாள். “தீபத்தன்னிக்கும் கிளாஸ் நடந்திருக்குது மேடம். அன்னிக்கு ஊருக்குள்ளயே கால் வெக்க முடியாது. பஸ்ஸ எல்லாம் வெளியவே நிறுத்திடுவாங்க. நான் எப்பிடி வந்தேன்?”

“கவிநிலா...”

“யார் எழுதினாங்க?”

“நான்தான்.”

அந்தப் பெண் பதிவேட்டை இருந்த இடத்திலேயே ஓரம் சரியாக இருக்கும்படி வைத்தாள். குரல் உயரவே இல்லை. “போன வருஷம் நான் டிபார்ட்மென்ட்டுக்கு வந்தேன் மேடம். இதே பேப்பர். புரியலன்னு உங்ககிட்டதான் கேட்டேன். கைடு வாங்கிப் படின்னு சொன்னீங்க.”

அருணாதேவிக்கு அது நினைவில் இல்லை. எவ்வளவு தேடியும் அந்த நாள், அந்த முகம் எதுவும் வரவில்லை. எத்தனையோ பேரிடம் அதையே சொல்லியிருக்கிறாள். கவிநிலா அவளைப் பார்த்த பார்வையை மட்டும் அவளுக்கு உடனே அடையாளம் தெரிந்தது. அவள் சக்கரவர்த்தியைப் பார்க்கும் பார்வை அது. நால்வரும் நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாள் குழு வந்தது. தவில், நாதஸ்வரம், சந்தன மாலை. வெளி மாநிலத்துப் பேராசிரியர் ஒருவர் மையத்தில் ஏழு நிமிடம் இருந்தார். பி.காம். பிள்ளைகள் ஒப்பித்தார்கள். அவர் பதிவேட்டை எடுத்து, நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, விரலை மேலிருந்து கீழே ஓட்டினார். தீபத்து வாரப் பக்கம்தான். இதோ கேட்கப்போகிறார், கேட்டால் சொல்லிவிடுவது என்று நேற்று ராத்திரி முழுக்க யோசித்து முடிவு செய்து வைத்திருந்தாள் அருணாதேவி.

“ரொம்ப ஒழுங்கா நடத்தியிருக்கீங்க” என்றார் அவர் ஆங்கிலத்தில்.

“தேங்க்யூ சார்” என்றாள் அருணாதேவி.

அந்த இரண்டு சொல்லும் தன் வாயிலிருந்து அத்தனை லகுவாக வந்ததை அவளால் பொறுக்க முடியவில்லை. அந்த அறையிலேயே கேவலமான ஆள் யார் என்று அன்று எண்ணிப் பார்த்தபோது சக்கரவர்த்தி இரண்டாம் இடத்துக்குப் போனார். அவர் தான் செய்வதைத் திறமை என்று உண்மையிலேயே நம்பினார். அவளோ எல்லாம் தெரிந்தே செய்தாள்.

கல்லூரிக்கு நல்ல தரம் கிடைத்தது. பஸ் ஸ்டாண்டில் சக்கரவர்த்தியின் படத்தோடு பேனர் ஏறியது. மையத்தைப் பூட்டினார்கள், கரன்ட் பில் ஜாஸ்தியாம்.

நால்வரும் சைக்கிள் ஸ்டாண்டின் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து படிப்பதை அருணாதேவி பார்த்தாள். இரண்டு நாள் தள்ளி நின்றாள். மூன்றாம் நாள் பக்கத்தில் போனாள்.

“நான் வந்து சொல்லித் தரட்டுமா?”

மற்ற மூவரும் கவிநிலாவைப் பார்த்தார்கள். “வேணாம் மேடம். நீங்க வந்தா இதையும் ரெஜிஸ்டர்ல எழுதிடுவாங்க.”

அருணாதேவிக்குச் சுருக்கென்று தைத்தது. மையத்துக்குப் போய், ஒருங்கிணைப்பாளர் என்று தன்னிடமும் இருந்த சாவியால் கதவைத் திறந்தாள். அலமாரிச் சாவியை யாரும் திருப்பிக் கேட்கவில்லை, அவளும் கொடுக்கவில்லை. கணிதப் புத்தகங்கள் பத்தொன்பதையும் இரண்டு நடையாகத் தூக்கி வந்து சைக்கிள் ஸ்டாண்டில் இறக்கினாள். ஒரு பக்கம்கூடப் புரட்டப்படாத புத்தகங்கள்.

“என் பேர்ல எடுத்திருக்கேன். பரீட்ச முடியிற வரைக்கும் வெச்சிக்கோங்க. நான் வரல.”

கவிநிலா நன்றி சொல்லவில்லை. மேலே இருந்த புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினாள், அவ்வளவுதான்.

நாலு நாளில் விஷயம் முதல்வருக்குப் போயிற்று.

“புக்ஸெல்லாம் எங்கம்மா?”

“படிக்கிறாங்க சார்.”

“அது அடுத்த விசிட்டுக்கு வேணும்மா. கசங்கிடும்.”

அவர் வெகுளித்தனமாகவேதான் சொன்னார். அருணாதேவிக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவும் முயலவில்லை. அந்தச் சிரிப்புக்குத் தண்டனையாகக் கோடை முழுக்க ஊர் ஊராகப் போய் கல்லூரிக்கு ஆள் சேர்க்கும் வேலையைக் கொடுத்தார்கள். ஆளுக்கு இருபது பேரையாவது சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருட வேலை நிச்சயமில்லை.

வெயில் மண்டையைப் பிளக்கும் ஒரு முற்பகலில், கீழ்பென்னாத்தூர் தாண்டி ஒரு வீட்டு வாசலில் நின்று அவள் துண்டுப் பிரசுரத்தை நீட்டினாள். சந்திரம்மாள் என்ற அந்த அம்மாள் முறத்தில் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். அவள் மகன் பன்னிரண்டாவதில் கணக்கில் தொண்ணூற்றிரண்டு வாங்கியிருந்தான்; மார்க் தாளைக் கொண்டுவந்து காட்டினாள். பிரசுரத்தில் இருந்த ஏசி அறையின் படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

“இந்த எடத்துல பசங்களுக்குத் தனியா ஒக்கார வெச்சி சொல்லித் தராங்களாம்மா?”

“இல்லீங்க” என்றாள் அருணாதேவி.

அந்த அம்மாளின் கை நின்றது. “பின்ன ஏம்மா போட்டிருக்குது?”

“போட்டோ நல்லா வரும்னு போட்டிருக்காங்க. நீங்க கவர்மென்ட் காலேஜில அப்ளிகேஷன் போடுங்க. இந்த மார்க்குக்குக் கெடைக்கும். ஃபோன் இருக்குதா? குடுங்க, நானே போட்டுத் தரேன். கம்யூனிட்டி சர்டிஃபிகேட்ட எடுத்துட்டு வரச் சொல்லுங்க.”

சந்திரம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். சேர்க்க வந்தவள் சேராதே என்கிறாள். இதில் என்ன சூது இருக்குமோ என்று யோசித்த மாதிரி இருந்தது. பிறகு முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டு மகனைக் கூப்பிட உள்ளே போனாள்.