எழும்பாத கார்

கார் வந்து நிற்பதற்கு முன்னாலேயே அதன் நாற்றம் வந்துவிட்டது. கொட்டாரத்து ரேஷன் கடைக்கு எதிரே ஓலைக் கூரை போட்டு வொர்க்ஷாப் நடத்திவந்த ஞானதாசன், லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்தவர், மூக்கைச் சுளித்துக்கொண்டு வெளியே வந்தார். யுத்த காலத்தில் பர்மா எல்லையில் பட்டாளத்து வண்டிகளைப் பழுது பார்த்தவர் அவர். அழுகல் வாடை அவருக்குப் புதிதில்லை. ஆனாலும் இரண்டடி தள்ளியே நின்றார்.

அரிசி மில் முதலாளி அய்யம்பெருமாள் பிள்ளையின் அமெரிக்கக் கார் அது. தோட்டத் துரை ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது விற்றது. பின்பக்க ஸ்பிரிங் சுருள்கள் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ரப்பர்ப் பை இருக்கும். டயருக்கு அடிப்பது போலக் காற்று அடித்தால் பை உப்பி, காரின் பின்பாகத்தைத் தூக்கிப் பிடிக்கும். பிள்ளைக்கு அதில் தாங்க முடியாத பெருமை. இப்போதோ காரின் முன்பக்கம் வானம் பார்க்க, பின்பக்கம் தரையில் உரசிக்கொண்டு நின்றது.

"அண்ணாச்சி, எவ்வளவு காத்து அடிச்சாலும் பின்பக்கம் மேல பொங்க மாட்டேங்கு," என்றான் டிரைவர் பூதலிங்கம். "சாயங்காலம் உணவு ஆபீசர் வாறாரு. மொதலாளி இந்தக் கார்லதான் அவரை ரேஷன் கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போகணுமாம்."

"அது கெடக்கட்டும். என்னவே இப்பிடி நாறுகு?"

"எலி ஏதும் செத்துக் கெடக்கும்," என்றான் பூதலிங்கம். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஞானதாசன் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினார். முதலில் பம்பை மாட்டிக் காற்று அடித்தார். கார் இரண்டு விரல்கடை எழும்பியது, அதற்குமேல் அசையவில்லை. வால்வில் சோப்புத் தண்ணீர் தடவினார். குமிழி இல்லை. ரப்பர்க் குழாய் நெடுகத் தடவிப் பார்த்தார். அங்கேயும் இல்லை. ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, ஸ்பிரிங்கில் விரிசல் உண்டா என்று விரலால் தேடினார். ஸ்பிரிங் கல்லு மாதிரி இருந்தது. இரண்டு பைகளையும் வெளியே எடுத்துக் காற்று நிரப்பித் தொட்டித் தண்ணீரில் அமுக்கினார். ஒரு சிறு குமிழிகூட மேலே வரவில்லை. சக்கரத்தைத் திரும்ப மாட்டி ஜாக்கியை இறக்கியதும் கார் பழையபடி குந்தியது.

பையும் நன்றாக இருக்கிறது, ஸ்பிரிங்கும் நன்றாக இருக்கிறது. பிறகு எதற்குக் கார் இப்படிக் குந்திக்கொண்டிருக்கிறது? உள்ளே தாங்க முடியாத பாரம் இருக்க வேண்டும். டிக்கியைத் திறந்தார். கோரைப்பாய் ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லை. ஆனால் டிக்கியின் தரை முன்பு பார்த்ததைவிட உயரமாக இருந்தது. பாயை விலக்கினார். புதுப் பலகை.

பூதலிங்கம் ஓடிவந்து கையைப் பிடித்தான். "வேண்டாம் அண்ணாச்சி. காத்தை மட்டும் அடிச்சு விடும். உமக்குப் புண்ணியமாப் போகும்."

"அடிச்சுப் பாத்தாச்சுல்லா? கையை எடும்."

கடப்பாரையைக் கொடுத்து நெம்பியதும் பலகை பிளந்தது. புளித்த கள்ளும் செத்த எலியும் கலந்தது போல ஒரு வாடை குபீரென்று முகத்தில் அடித்தது. பலகைக்குக் கீழேயும் பின் இருக்கைக்கு அடியிலும் தகரம் அடித்து அறை செய்திருந்தார்கள். அறை நிறையச் சாக்குகள். சாக்கு முழுவதும் அரிசி. அரிசி என்று இனிச் சொல்ல முடியாது. தண்ணீர் குடித்து ஊதி, கறுத்துக் கட்டிபிடித்து, நூல் நூலாக வழிந்துகொண்டிருந்தது. வெள்ளைப் புழுக்கள் அதற்குள் கொதிப்பது போல நெளிந்தன. ஞானதாசன் வேலியோரம் ஓடிப்போய் வாந்தியெடுத்தார்.

திரும்பி வந்தபோது பூதலிங்கம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். கேட்காமலே சொன்னான். பெர்மிட் இல்லாமல் அரிசியைத் தாலுகா தாண்டவிடாத காலம். திருவனந்தபுரத்துக்குக் கடத்த ஏற்றிய அரிசி அது. போகிற வழியில் ஐப்பசி மழையில் வாய்க்கால் உடைந்து கார் தண்ணீரில் மாட்டிக்கொண்டது. தகர அறைக்குள் புகுந்த தண்ணீர் வெளியே போகவில்லை. பயந்து திரும்பிவிட்டார்கள்.

"வந்தவொடனே எறக்கிக் காயப் போட்டிருக்கலாம்லா?"

"மில்லுல செக்கிங் நடந்துகிட்டு இருந்து. வீட்டுல எறக்கினா மொதலாளிக்க தம்பிக்காரரு பாத்துருவாரு. சொத்துப் பாகத் தகராறு இருக்குல்லா, காட்டிக் குடுத்துருவாரு. கெடக்கட்டும்னு மொதலாளி காரை ஷெட்டுல பூட்டிட்டாரு. காத்து அடிச்சா கார் நிமிந்துரும், ஆருக்கும் தெரியாதுன்னு நெனச்சாரு."

எதிரே ரேஷன் கடையில் காலையிலிருந்து நின்றவர்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். ஞானதாசனின் மனைவி நேசம்மாள் பையோடு ரோட்டைத் தாண்டி வந்தாள். பையின் அடியில் கொஞ்சம் அரிசி கிடந்தது. "நமக்குப் பொறவு நின்னவங்களுக்கு இல்லேன்னுட்டான்," என்றவள், டிக்கியைப் பார்த்து அப்படியே நின்றாள். "இதுல எத்தனை வீடு பசியாறியிருக்கும்," என்றாள்.

ஞானதாசன் மண்வெட்டியை எடுத்தார். பூதலிங்கமும் எழுந்து வந்தான். இருவருமாகச் சாக்குகளை இழுத்து வொர்க்ஷாப் வாசலில் கொட்டினார்கள். கடைசிச் சாக்கு இறங்கியபோது, காற்றுப் பை மாட்டாத அந்தக் கார் தானாகவே நிமிர்ந்து நின்றது.

அந்த நேரத்தில் பிள்ளை வில்வண்டியில் வந்து இறங்கினார். அரிசிக் குவியலைக் கண்டதும் அவர் முகம் வெளிறியது. ஆனால் குரல் இறங்கவில்லை.

"வே, காத்தடிக்கச் சொன்னா காத்தடிக்கணும். பலகையைப் பொளக்க ஆரு சொன்னா?"

"பாரம் இருக்கு மொதலாளி. காத்தடிச்சா எப்பிடிப் பொங்கும்?"

பிள்ளை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நெருங்கி வந்தார். "சரி, ஆனது ஆச்சு. ஒரு குழி தோண்டி மூடிரும். வீட்டுக்கு நல்ல கட்டிச்சம்பா அரிசி ஒரு மூடை அனுப்புகேன்."

ஞானதாசன் மண்வெட்டியைக் கீழே போட்டார். "உம்ம அரிசி எங்க தொண்டையில எறங்காது," என்றார்.

அதற்குள் ஆபீசரின் ஜீப்பே வந்துவிட்டது. காரைக் காணாமல் தேடி வந்திருக்கிறார். இறங்கியவர் கைக்குட்டையை மூக்கில் வைத்தார். குவியலைப் பார்த்தார். சாக்கில் இருந்த மில் முத்திரையையும் பார்த்தார். இப்போது கேட்பார் என்று ஞானதாசன் நினைத்தார். ஆபீசர் பிள்ளையின் பக்கம் திரும்பினார்.

"நேரமாச்சு. ஜீப்புல ஏறும். கூட்டத்துல நீருதானே மொதல்ல பேசணும்?"

பிள்ளை ஏறிக்கொண்டார். ஜீப் போய்விட்டது. பூதலிங்கம் கார்ச் சாவியை ஜீப் போன திக்கில் வீசியெறிந்துவிட்டு, ஆரல்வாய்மொழியில் இருந்த மாமனார் வீட்டுக்கு நடையைக் கட்டினான்.

ஞானதாசன் திரும்பிப் பார்த்தபோது குவியலைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ரேஷன் கிடைக்காமல் நின்றவர்கள். சத்தியபாய், பக்கத்து வீட்டுக்காரி, புழுவைத் தள்ளித் தள்ளி, கட்டியை உடைத்து, நடுவில் வெளுத்திருந்த அரிசியை முந்தானையில் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, அது விஷம். எறி!" என்று கத்தினார்.

"நாலு தண்ணியில கழுவினா போயிரும் அண்ணே. எம் பிள்ளைக ரெண்டு நாளா மரச்சீனிக் கெழங்குத் தொலியைத் திங்குது."

அவர் எவ்வளவு சொல்லியும் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. உள்ளே போனார். கழிவு ஆயில் டின்னைத் தூக்கி வந்து குவியல்மேல் கவிழ்த்தார். கறுப்பு எண்ணெய் அரிசியெல்லாம் பரவியது. பெண்கள் அலறிக்கொண்டு எழுந்தார்கள். சத்தியபாய் முந்தானையை உதறினாள். அவர் காலடியில் காறித் துப்பினாள்.

"மொதலாளி பூட்டி வச்சான். நீ எண்ணெயை ஊத்தின. ரெண்டு பேரும் ஒண்ணுதான்."

ஞானதாசன் காலி டின்னைக் கீழே வைத்தார். செய்தது சரி என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் தன் கைகளைப் பார்க்க அவருக்கே அருவருப்பாக இருந்தது. நேசம்மாள் பையிலிருந்த ரேஷன் அரிசியில் பாதியைச் சத்தியபாயின் முந்தானையில் கொட்டினாள். சத்தியபாய் அழுதுகொண்டே போனாள்.

மறுநாள் காரை எடுக்க வேறொரு டிரைவர் வந்தான். ஞானதாசன் கைகாட்டிய ரோட்டோரப் புல்லில் சாவியைத் தேடி எடுத்தவன், காற்றுப் பைகள் வெளியே கிடப்பதைக் கண்டு, "இதை மாட்டித் தரலியா?" என்றான்.

"எடுத்துட்டுப் போ மக்கா," என்றார் ஞானதாசன். "அந்தக் காரை இனி நான் தொடமாட்டேன்."