மாடி மாறிய வெயில்

…அது சரி, ஆனால் அத்தை ஏன் தடுத்து ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை? உப்பளத்து மாமியார் வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து கலைமகளுக்கு இதே யோசனைதான், குட்டியானை வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்து புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தபடி வந்தாள். பின்னால் சாக்குகளுக்கு நடுவே பேட்டரியைக் காலடியில் வைத்து, இரண்டு சோலார் பேனலையும் நிறுத்தி, கைக்குழந்தையைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு அவள் கணவன் செம்மல் உட்கார்ந்திருந்தான். ரோடியர் மில் பக்கம் ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள். போடட்டும், ரயில் போகட்டும், எது வேண்டுமானாலும் போகட்டும், யாரும் பின்னாலேயே ஸ்கூட்டரில் வந்து, அண்ணி வண்டியைத் திருப்புங்க, அம்மாவுக்கு முடியல என்று சொல்லாமல் இருந்தால் சரி… அவள் பக்கத்துக் கண்ணாடியில் ஒவ்வொரு ஸ்கூட்டராகப் பார்த்தாள். டிரைவர் பெயர் அம்மாவாசை. வெயிலைப் பிடிக்கிற சாமானை ஏற்றிக்கொண்டு போக இவர்தான் கிடைத்தாரா என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா, இன்னும் கேட்டே தாண்டவில்லையே, மூலக்குளம் எங்கே இருக்கிறது, அதற்குள் என்ன சிரிப்பு.

பயப்படாமல் எப்படி இருப்பது? அவள் ஆஸ்பத்திரிச் சம்பளத்தில் மூலக்குளத்தில் கட்டிய வீடு, பால் காய்ச்சி ஒரு வருஷத்துக்கு மேல் பூட்டியே கிடந்தது, உள்ளே பல்லி முட்டையிட்டுக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. எப்போது பேச்செடுத்தாலும் செம்மலுக்கு ஒரே பாட்டு, அம்மா மனசு தாங்காது கலை, அம்மா மனசு தாங்காது. சாமான் கட்டிய அன்றைக்கே ஒருமுறை அத்தைக்கு நெஞ்சுவலி என்று ஓடிவந்தான், பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினால் வாயு என்றார்கள், ஆனாலும் கட்டிய மூட்டைகளை அவனே அன்று சாயங்காலம் பிரித்துவிட்டான். பிறகு தட்டுமுட்டுச் சாமானெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ச் சேர்ந்தும், இந்தப் பேனல் மட்டும் உப்பளத்து மாடியிலேயே நின்றது. அவன் வேலை செய்கிற சோலார் பட்டறையில் வாங்கிவந்து அவன் கையாலேயே மாட்டியது. கரண்டு போனால் அத்தை ரூமில் ஓடுகிற ஃபேன் அதில்தான் ஓடும். அதை எப்படிக் கழற்றுவது என்பான். அது அங்கே இருக்கும்வரை அவனும் அங்கேதான் என்று கலைமகளுக்குத் தெரியும், ஆடு ஓரிடம் என்றால் கயிறு வேறிடமா இருக்கும்?

கடைசியில் அவனே ஒரு நாள் சொன்னான், வெள்ளிக்கிழமைதான் எனக்கு லீவு, அன்னிக்கிக் கழட்டிடலாம் என்று. வெள்ளிக்கிழமையா! விளக்கு வைத்த வீட்டிலிருந்து வெள்ளிக்கிழமை உப்புக்கல்கூட வெளியே போகக் கூடாது என்கிற மனுஷி, வெளிச்சத்தையே தூக்கிக் கொடுப்பாரா? போச்சு, இன்னும் ஒரு வருஷம் என்றுதான் நினைத்தாள். ஆனால் ராஜாம்பாள் அத்தை முறத்தில் உளுந்தைப் புடைத்தபடியே தலைதூக்காமல் சொன்னார்:

"வியாழக்கெழமையே எறக்கி எதுத்த வீட்ல பரஸ்தானமா வச்சிடுங்க. அப்பவே வீட்ட விட்டுப் போனதா ஆயிடும். வெள்ளிக்கெழம அங்கேர்ந்து எடுத்துக்கினு போங்க, தோஷமில்ல."

நாள் சரியில்லாத பயணத்துக்கு முதல்நாளே ஒரு துணிமூட்டையைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைப்பார்கள், அவளுக்குத் தெரியும், அதற்காகச் சோலார் பேனலுக்கா பரஸ்தானம்? எதிர்வீட்டுக் கூடத்தில் ஒரு ராத்திரி முழுக்க அவை இரண்டும் சம்பந்தி வீட்டார் மாதிரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தன. காலையில் அங்கிருந்துதான் வண்டியேறின. அத்தை வாசலில் நின்று பார்த்தார், கெளம்புங்க காலங்காத்தால வெயில் ஏர்றதுக்குள்ள என்றார், அவ்வளவுதான். எவ்வளவு நல்ல மனசு, நாம்தான் தப்பாக நினைத்துவிட்டோமோ… கேட் திறந்தது. வண்டி இந்திரா காந்தி சதுக்கம் தாண்டி, ரெட்டியார்பாளையம் தாண்டி வில்லியனூர் ரோட்டில் ஓட ஓட, நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஆட்டுக்கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. வந்துவிட்டோம். அப்பாடா, வந்தே விட்டோம்.

மூலக்குளத்து மாடி மொட்டையாக, அக்கம்பக்கத்தில் உயரமான கட்டடம் எதுவுமில்லாமல் கிடந்தது, எங்கு பார்த்தாலும் வெயில், அத்தனையும் நம் வெயில் என்று நினைத்தாள், வெயிலில் என்ன நம்முது பிறத்தியாருது, பைத்தியம்தான் பிடித்திருக்கிறது. செம்மல் இரும்பு ஆங்கிள் சட்டத்தைத் தெற்குப் பார்க்கச் சாய்த்து நிறுத்தினான். பக்கத்து மனையில் வேலை செய்த கொத்தனாரிடம் ஒரு சட்டி சிமெண்ட் கலவை கேட்கட்டுமா, கால் நான்கையும் பூசிவிடலாம் என்றாள். வேணாம் வேணாம், மணல் மூட்ட போதும் என்றான். ஐப்பசி கார்த்திகையில் புயல்காற்று பிடுங்கிக்கொண்டு போகாதா? போகாது. உப்பளத்தில் பூசித்தானே இருந்தது? அதான் கழட்டறதுக்குள்ள தாவு தீந்துபோச்சே என்றான். அதுவும் நியாயந்தான், உளிவைத்துக் கொத்தியதில் அவன் உள்ளங்கையெல்லாம் கொப்புளம். நான்கு மூட்டையிலும் அவளே மணலை அள்ளிப் போட்டாள், பாட்டுகூட முணுமுணுத்தாள், கல்யாணத்துக்குப் பிறகு வாய்விட்டுப் பாடியதே இல்லை, அத்தை காதில் விழுமே என்று.

பொழுது சாய்கிற நேரத்துக்கு ஸ்கூட்டர் சத்தம். எட்டிப் பார்த்தால் கொழுந்தன் தேவதாஸ். வந்துட்டான், கூப்பிட வந்துட்டான், இதோ சொல்லப்போகிறான்… அவன் கையில் ஒரு பை. மறந்து விட்டுவந்த ஒயர். இன்னொரு கையில் தூக்கில் வடாம் மாவுக் கூழ்.

"அத்தைக்கு ஒடம்பு எப்படி இருக்குது தம்பி?"

"அம்மாவா? நீங்க கெளம்புனதும் மாடியக் கழுவி வுட்டு அந்த எடம் பூரா வடாம் புழிஞ்சிடுச்சி அண்ணி. மத்தியானம் நல்லாத் தூங்குச்சி, அப்பிடித் தூங்கி நான் பாத்ததே இல்ல." தேவதாஸ் சிரித்தான். "வீட்டக் கட்டி வச்சிக்கினு இத்தினி நாளா ஏன்டா போவாம உக்காந்திருந்தாங்கன்னு எங்கிட்ட கேக்குது."

அவன் போய்விட்டான். கலைமகள் கூழை ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள், உப்பு சரியாக இருந்தது. சிரிப்பாக வந்தது முதலில். நாம் தப்பித்துவிட்டோம் என்று இங்கே பாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே அவர் தப்பித்துவிட்டோம் என்று வடாம் பிழிந்திருக்கிறார், பரஸ்தானம் சொன்ன அவசரம் இப்போதல்லவா புரிகிறது! நல்லதுதான், யார் மனசும் நோகவில்லை, ரொம்ப நல்லது… ஆனால் போகாதே என்று அத்தை எப்போது சொன்னார்? நினைத்து நினைத்துப் பார்த்தாள். ஒரு தரம்கூட அவர் வாயால் சொன்னதில்லை. சொன்னதெல்லாம் செம்மல்தான். நெஞ்சுவலி என்று ஓடிவந்தது செம்மல். மூட்டையைப் பிரித்தது செம்மல்.

கூடத்தில் பளிச்சென்று விளக்கு எரிந்தது. எரியுதா, என்று மாடியிலிருந்து குரல் கொடுத்தான், எரியுதுங்க என்றாள், சந்தோஷம்தான், இல்லையென்று யார் சொல்வது. படியேறிப் போனாள். ஏற்கெனவே முடுக்கிய போல்ட்டையே அவன் மறுபடி முடுக்கிக்கொண்டிருந்தான், முகம் கிழக்கே உப்பளம் பக்கம் பார்த்திருந்தது. சட்டத்தின் நான்கு காலிலும் நான்கு மணல் மூட்டை. தூக்கி அப்பால் வைத்தால் முடிந்தது, உளி வேண்டாம், கொப்புளம் வேண்டாம்.

"ஏங்க, நாளைக்கி சிமெண்டு போட்டுடலாமா?"

அவன் ஸ்பேனரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

"பாக்கலாம் கலை" என்றான்.