தலைக்கு ஊத்தலாமா

கல்யாணத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால், சித்த மருத்துவர் சண்முகையா வாழ்க்கையில் இரண்டு தடவைதான் சத்தியம் செய்திருக்கிறார்.

முதலாவது, பாளையங்கோட்டையில் பட்டம் வாங்கிய அன்று. மேடையில் ஒருவர் ஆங்கிலத்தில் உறுதிமொழி வாசிக்க, மற்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள். சண்முகையா கடைசி வரிசையில் நின்று, பிரியாணி தீர்ந்துவிடுமோ என்ற கவலையில் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். இரண்டாவது, பரம்பரை வைத்தியர் குடும்ப வழக்கப்படி, மருந்து அரைக்கும் கல்வத்தின்மேல் கைவைத்துச் சொன்னது. அது மூன்றே வரி. கூப்பிட்டால் போவேன். கண்டதை வெளியே சொல்லேன். கேட்டாலும் நஞ்சு கொடேன்.

முதல் வரியைக் கிரிக்கெட் நாட்களில் கொஞ்சம் வளைத்திருக்கிறார். இரண்டாவதை மனைவியிடம் மட்டும் மீறியிருக்கிறார். மூன்றாவதை மீறியதே இல்லை. அவரிடம் யாரும் நஞ்சு கேட்டதில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம்.

அந்தப் புதன்கிழமை காலை பத்து மணிக்கு, சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள அவருடைய கிளினிக்கில் பதினான்கு பேர் காத்திருந்தார்கள். முழங்கால் வலிக்காரர் ஒருவரின் காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் போனை எடுத்தார். பேசியது இளையரசனேந்தல் ஆறுமுகச்சாமி. அவனுடைய அப்பா பொன்னுச்சாமி பக்கவாதத்தில் விழுந்து ஒன்பது மாதமாகப் படுக்கையில் கிடந்தார். போன வாரம் அவருக்குக் காய்ச்சல் என்று சண்முகையா வீட்டுக்கே போய்ப் பார்த்து மருந்து கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

"அண்ணாச்சி, அப்பாவுக்குத் தலைக்கு ஊத்தலாமா?"

"காய்ச்சல் விட்டுருச்சா?"

"இப்ப இல்ல அண்ணாச்சி. உடம்பு சில்லுன்னுதான் இருக்கு."

"அப்பொறம் என்ன கேள்வி? தாராளமா ஊத்துங்க. நல்லெண்ணெய் தேச்சு ஊத்துங்க. வெயில் இருக்கையிலேயே முடிச்சிருங்க."

அந்தப் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"எளநி குடுக்கலாமா?"

"குடுங்க வே. குளிர்ச்சிதான?"

"சரிங்க அண்ணாச்சி." ஆறுமுகச்சாமியின் குரல் உடைந்தது. "நீங்க சொன்னது பெரிய ஆறுதல். தங்கச்சியும் மதுரையிலேருந்து வந்துட்டா. எல்லாரும் வந்தாச்சு."

போனை வைத்துவிட்டு சண்முகையா முழங்காலுக்குத் திரும்பினார். இரண்டு தடவை அழுத்தினார். மூன்றாவது அழுத்தலில் கை அப்படியே நின்றுவிட்டது.

குளிக்கிறதுக்கு எதற்குத் தங்கச்சி?

அந்த வட்டாரத்தில் தலைக்கு ஊத்துவது என்றால் இரண்டு அர்த்தம். காய்ச்சலோ அம்மையோ போனபிறகு உடம்பு தேறியதற்காக ஊத்துவது ஒன்று. இன்னொன்றை யாரும் விளக்கிச் சொல்வதில்லை. தேறவே மாட்டார் என்று முடிவு கட்டிய முதியவருக்கு உச்சியிலிருந்து எண்ணெயை ஊற்றி ஊறவைத்து, குளிர்ந்த நீரில் குளிப்பாட்டி, இளநீராகக் கொடுத்துக்கொண்டே இருந்தால், உடம்பு குளிர்ந்து ஓரிரு நாளில் அடங்கிவிடும். சொந்தக்காரர்கள் எல்லோரும் முன்னாலேயே வந்து முகம் பார்த்துவிடுவார்கள். அது கொலைதான் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அதற்குக் குளியலின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

சண்முகையா திரும்பக் கூப்பிட்டார். போன் அணைக்கப்பட்டிருந்தது.

"எனக்கு என்ன டாக்டர்?" என்றார் முழங்கால்காரர்.

"உங்களுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். வாசலில் அவசரமாக மாட்டிக்கொண்ட செருப்பில் ஒன்று தன்னுடையது, இன்னொன்று யாருடையதோ.

இளையரசனேந்தலுக்கு அவருடைய ஸ்கூட்டரில் முக்கால் மணி நேரம். ஊர் எல்லையைத் தாண்டியதும் ஓரமாக நிறுத்திப் போலீஸ் நம்பரை அடித்தார். கட்டைவிரல் பச்சைப் பொத்தானுக்கு மேலேயே நின்றது. என்னவென்று சொல்வது? ஒரு குடும்பம் அப்பாவைக் கொல்லப் போகிறது, அனுமதி கொடுத்த மருத்துவர் நான்தான் என்றா? கண்டதை வெளியே சொல்லேன் என்ற வரி குறுக்கே வந்து நின்றது. சொல்லாவிட்டால் நஞ்சு கொடேன் என்ற வரி செத்துப்போகும். முன்னோர்கள் மூன்று வரியையும் அழகாகத்தான் எழுதிவைத்திருந்தார்கள். ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால் எதைப் பிடிப்பது என்று நாலாவதாக ஒரு வரி எழுத யாருக்கும் தோன்றவில்லை. கல்லூரி உறுதிமொழியில் ஏதாவது இருந்திருக்கும். அப்போதுதான் பிரியாணி நினைப்பு.

போலீஸ் நம்பரை அழித்துவிட்டுக் கிராம செவிலியர் கோகிலாவைக் கூப்பிட்டார். அவள் இளையரசனேந்தலிலேயே இருப்பவள். போலீஸ் வந்து சேர்வதற்குள் போய்விடுவாள்.

"சார், இன்னைக்குத் தடுப்பூசி நாள். இருபது பிள்ளைய அழுதுக்கிட்டு நிக்கி."

"கோகிலா, பொன்னுச்சாமிக்குத் தலைக்கு ஊத்தப் போறாங்க."

"கையில எடுத்த ஊசியப் போட்டுட்டுப் போறேன்" என்று சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள். ரகசியத்தை உடைக்க நாலு வார்த்தைதான் தேவைப்பட்டது.

குருவிகுளம் பக்கம் ஆட்டு மந்தை ஒன்று சாலையை முழுசாக அடைத்துக்கொண்டு நடந்தது. சண்முகையா ஹாரன் அடித்தார். ஆடுகள் திரும்பிப் பார்த்துவிட்டு முன்னைவிட மெதுவாக நடந்தன. ஆட்டுக்காரர், "என்ன வே, உசிரா போகுது?" என்று கேட்டார்.

"ஆமா!" என்று கத்தினார் சண்முகையா. அந்த ஆள் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு கம்பைச் சுழற்றி மந்தையையே காட்டுக்குள் இறக்கிவிட்டார்.

வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். வேப்பமரத்தடியில் ஆறுமுகச்சாமி தலையைத் தொங்கப்போட்டிருந்தான். சுவரோரம் இளநீர்க் குலை. அதற்குப் பக்கத்தில் ஒரு சட்டி நிறைய எண்ணெய். நிறைய என்றால் விளிம்பு வரை, இன்னும் ஊற்ற ஆரம்பிக்கவில்லை. சண்முகையாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

உள்ளே கட்டிலில் பொன்னுச்சாமி. அவர் கையில் இரத்த அழுத்தக் கருவியின் பட்டையைச் சுற்றிக்கொண்டு கோகிலா. தலைமாட்டில் மருமகள் வேல்விழி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏழாவது தடவையா பிபி பாக்கேன் சார்" என்றாள் கோகிலா. "இவருக்கு நார்மல். எனக்குத்தான் ஏறிருக்கு."

ஆறுமுகச்சாமி பின்னாலேயே வந்தான். "நீங்கதான அண்ணாச்சி ஊத்தச் சொன்னீங்க? அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தோம்."

"நான் குளிப்பாட்டுறதுன்னு நெனச்சேன் வே."

"நாங்களும் அதத்தான கேட்டோம்" என்றான் அவன். சொல்லி முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது.

"அவரு அழுவாரு" என்றாள் வேல்விழி. "காலையில தறிக்குப் போயிட்டு ராத்திரி வந்து அழுவாரு. பீத்துணி அலசுறது நான். ராத்திரி பூரா மாமா முனங்குறதக் கேக்கது நான். ஒன்பது மாசமா ஒரு கல்யாணம் கிடையாது, காதுகுத்து கிடையாது. உங்க தருமத்தச் சொல்லிட்டு நீங்க ஸ்கூட்டர்ல போயிருவீங்க. நாளைக்கு யாரு பாப்பா டாக்டர்?"

மூன்று வரியில் ஒன்றுகூட அவளுக்குப் பதில் சொல்லவில்லை. வேறு வழி தெரியாமல் சண்முகையா கட்டில் பக்கம் குனிந்தார்.

"அண்ணாச்சி, உங்களுக்கு என்ன வேணும்?"

அறையில் இருந்த எல்லோரும் அவரை விநோதமாகப் பார்த்தார்கள். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. ஆளையே கேட்கலாம் என்பது யாருக்கும் தோன்றவில்லை. பொன்னுச்சாமியின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சொல் வருவதற்கு நேரம் பிடித்தது. வெளியே யாரோ இருமினார்கள். சாக வேண்டும் என்று சொல்லிவிடுவாரோ என்று சண்முகையாவுக்குப் பயமாக இருந்தது. சொல்லிவிட்டால் என்ன செய்வது?

"மு…து…கு" என்றார் பொன்னுச்சாமி. பிறகு இன்னும் கஷ்டப்பட்டு, "எரி…யுது."

ஆறுமுகச்சாமியும் சண்முகையாவும் சேர்ந்து அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். கோகிலா சட்டையைத் தூக்கினாள். தூக்கியவள் முகத்தைச் சுளித்துக்கொண்டாள். இடுப்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண், ஓரமெல்லாம் கறுத்து, நடுவில் சீழ்.

சண்முகையா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். போன வாரம் இதே கட்டிலில் நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார். முதுகைப் பார்க்கவில்லை. பத்து நிமிடத்தில் கிளம்ப வேண்டியிருந்தது. வாசலில் மோர் வேறு கொடுத்தார்கள். அந்தக் காய்ச்சல் எங்கிருந்து வந்தது என்பது இப்போது தெரிந்தது. இந்த மனிதர் ராத்திரியெல்லாம் முனகியது சாவதற்காக இல்லை.

"வேல்விழி" என்றார். "தப்பு என்னுது. அன்னைக்கே பெரட்டிப் பாத்திருக்கணும். பாக்கல. நீங்க இத்தன நாள் கேட்ட முனங்கல்ல பாதி என் சோம்பேறித்தனம்."

டாக்டர் ஒருவர் தப்பை ஒத்துக்கொண்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. வேல்விழியின் கட்டியிருந்த கைகள் மட்டும் கீழே இறங்கின.

"இது என் மருந்துக்கு அடங்காது. இப்பவே பெரியாஸ்பத்திரி போகணும். சீழ எடுக்கணும். கோகிலா, 108-ஐக் கூப்பிடு."

"வரும்போதே கூப்பிட்டுட்டேன்" என்றாள் கோகிலா. பட்டையைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டே வாசல் பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: "ஆஸ்பத்திரியிலேருந்து திரும்பி வந்ததும் தினமும் வருவேன். இந்த வீட்டுல எவராவது எண்ணெய்ச் சட்டியத் தூக்குனா, நான் போனத் தூக்குவேன். போலீஸுக்கு."

பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் கிரீச்சிட்டுக் காலியாயின. மதுரைத் தங்கச்சி மட்டும் எழுந்து உள்ளே வந்து, அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள்.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க ஆளப் பெரட்டிப் போடணும்" என்றார் சண்முகையா. "ஆஸ்பத்திரியிலேருந்து வந்தபொறவு ஞாயித்துக்கிழமை பூரா என் முறை. சத்தியமா."

"நீங்க எப்பவாவது தனியா ஒரு ஆளப் பெரட்டியிருக்கீங்களா?" என்றாள் வேல்விழி.

"இல்ல."

"அப்ப இங்கன வாங்க. இடுப்புல கை குடுங்க. அங்கன இல்ல, கீழ. மூச்ச இழுத்துப் பிடிங்க. ம், இப்ப."

சண்முகையா தூக்கினார். அவருடைய இடுப்பில் ஏதோ சுளுக்கென்று பிடித்தது. அவரும் பொன்னுச்சாமியும் ஒரே நேரத்தில் "யம்மா!" என்றார்கள்.

"இனி டாக்டர யாரு பெரட்டுறது?" என்று கேட்டுக்கொண்டே வேல்விழி மாமனாரின் முதுகுக்குப் பின்னால் அணைவாகப் பழைய சேலையை மடித்து வைத்தாள். ஆம்புலன்ஸ் சத்தம் தெருமுனையில் கேட்டது.