நாலுக்குக் கீழே

எனக்குக் கோபம் வந்தால் முதலில் குரல் இறங்கிவிடும். அன்று காலை மிக மெதுவாகத்தான் கேட்டேன்.

"ஏன் தம்பி, நான் வாங்கச் சொன்ன மீட்டர் இதுதானா?"

என் கொழுந்தன் பாட்டில் பெட்டியைத் தூக்கிய கையோடு நின்றான். தொழிற்சாலைக் கேன்டீனுக்கு எங்கள் மிளகாய் சாஸ் முதல்முதலாகப் போகும் நாள் அது. சாஸ் செய்வது நான். மாதிரிக் கிண்ணத்தை மாடியிலுள்ள தன் வீட்டுக்குக் கொண்டுபோய் அளந்து, "மூணு புள்ளி ஏழு அண்ணி, ஜம்முனு இருக்கு" என்று கீழே குரல் கொடுப்பது அவன். அவன் அவசரத்தில் பெட்டி மேல் வைத்துவிட்டுப் போன மீட்டரை அன்றுதான் கையில் எடுத்துப் பார்த்தேன்.

"மீட்டர்னா மீட்டர்தானே அண்ணி. நம்பர் வருதுல்ல?"

நம்பர் வந்தது. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

சாஸின் புளிப்பை அளக்கத்தான் அந்த மீட்டர். புளிப்பு குறையக் குறைய நம்பர் ஏறும். நாலுக்குக் கீழே நின்றால் நிம்மதி. அதைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், மூடிய பாட்டிலுக்குள் விஷக்கிருமி வளரலாம். வாடை காட்டிக் கொடுக்காது, ருசியும் காட்டிக் கொடுக்காது. அதற்காகத்தான் தேடித் தேடி ஒன்றைப் பிடித்தேன். கெட்டிச் சாஸில் குத்தி அளக்கக் கூர்முனை, அளவு தெரிந்த இரண்டு கரைசலில் முக்கிச் சரிபார்க்கும் வசதி, முனை காயாமல் இருக்க மூடிக்குள் திரவம். அதை வாங்கச் சொல்லி இவனுக்குப் படத்தோடு அனுப்பினேன். ஐயா வாங்கி வந்திருந்தது மீன்தொட்டிக் கடையில் விற்கும் பேனா மாதிரி மீட்டர்.

"மூடிக்குள்ள ஒரு சொட்டுக்கூட இல்லையே?"

"அழுக்குத் தண்ணி தேங்கியிருந்துச்சு அண்ணி. கொட்டிட்டு, நல்லா தொடைச்சு வெயில்ல காய வெச்சேன்."

பெருமையாகச் சொன்னான். உயிரைக் கழுவி ஊற்றிவிட்டு உடம்பைத் துடைத்து வைத்திருக்கிறான் மகராசன்!

"சரிபார்க்கிற கரைசலுக்கான பொடி?"

"அந்த உப்புப் பொட்டலமா? அதைத் தூக்கிப் போட்டுட்டேனே."

மாதிரிக்குக் கொடுத்த பாட்டிலில் புளிப்பு தூக்கலாக இருக்கிறது என்று கேன்டீன்காரர் சொன்னதால், இந்தத் தடவை வினிகரைக் குறைத்து, கேரட்டையும் பூண்டையும் கூட்டியிருந்தேன். அளவு கொஞ்சமாவது ஏறியிருக்க வேண்டும். மீட்டரைச் சாஸில் விட்டேன். 3.7. குடிதண்ணீரில் விட்டேன். 3.7. சமையல் சோடா கரைத்த தண்ணீரில் விட்டேன். அதற்கும் அதே 3.7.

"தண்ணியும் லேசா புளிச்சிருக்கும் அண்ணி" என்றான்.

"தண்ணி எந்த ஊர்ல புளிக்கும்? நாலு பேர் சாப்பிடுற பொருள் இது. பெட்டியைக் கீழ வை."

"கேன்டீன்ல காத்திருக்காங்க. இன்னைக்கு ஒரு நாள் போகட்டுமே. ஒண்ணும் ஆகாது."

அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதே சாஸில் ஒரு பாட்டிலை முந்தாநாள் என் ஓரகத்திக்கு, இவன் மனைவிக்கு, கொடுத்திருந்தேன். வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை, உறைப்பாக ஏதாவது கொடுங்கள் என்று கேட்டிருந்தாள். அவள் மாசமாக இருக்கிறாள்.

மாடிப்படிக்கு ஓடினேன். "ஏம்மா! அந்தச் சாஸைத் தொறந்துட்டியா?"

அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "இல்லையேக்கா. அவருதான் அன்னைக்கே வாங்கிப் பரண் மேல வெச்சுட்டாரே. மெஷின் தண்ணிக்கும் அதே நம்பர்தான் காட்டுது, வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு இதைத் தொடாதேன்னு சொன்னாரு. உங்ககிட்ட சொல்லலையா?"

திரும்பிப் பார்த்தேன். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவன் மாதிரி நின்றான். மீட்டரைக் கெடுத்தது தெரியாமல் செய்தது. அதை மன்னித்திருப்பேன். இது தெரிந்தே செய்தது.

இப்போது என் குரல் ஏறியது. தெருவுக்கே கேட்டிருக்கும்.

"உன் பொண்டாட்டிக்கு மட்டும்தான் வயிறு இருக்கா? அந்த நாலு பேருக்கு இருக்கிறது என்ன, குப்பைத் தொட்டியா? அவங்க வீட்டுல யாரும் மாசமா இல்லையா? வெட்கமா இல்ல உனக்கு?"

"வாக்குக் கொடுத்துட்டோமே அண்ணி... முதல் நாளே போகலைன்னா வேற ஆளைப் பார்த்துக்குவாங்க..."

"பார்த்துக்கட்டும்."

பெட்டியை அவன் கையிலிருந்து பிடுங்கிக் கீழே வைத்தேன். அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. கேன்டீன்காரர். கொழுந்தன் என்னைக் கெஞ்சலாகப் பார்த்தான். வண்டி பழுது, உடம்பு சரியில்லை, ஏதாவது ஒரு பொய்யை நான் சொல்லிவிட மாட்டேனா என்கிற பார்வை. மேலே படியில் அவன் மனைவி இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

போனை அவன் கையில் திணித்தேன்.

"நீயே பேசு. அவகிட்ட என்ன சொன்னியோ, ஒரு வார்த்தை குறையாம அதையே சொல்லு."