குப்புற விழுவதற்கு முன் சொல்ல வேண்டியது

1

இந்தக் கதை ஓர் ஆங்கில வகுப்புக் கொப்பியில் பிறந்தது. சமாதான காலம், 2004, கிளிநொச்சி. வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் ஆள் எடுத்தன. யோகலிங்கம் சேர் எங்களை நேர்முகத்துக்குத் தயார்செய்தார். பலகையில் எழுதினார்: பயத்துக்கு 'யைக்ஸ்', ஆச்சரியத்துக்கு 'வாவ்', இரண்டுக்கும் 'ஓ மை கோட்'.

"சேர், இந்த யைக்ஸை பங்கருக்குள்ள இறங்க முன்னம் சொல்லுறதோ, இறங்கின பிறகோ?" என்று மேனுகா கேட்டாள்.

"உயிரோட இருந்தா எப்பவும் சொல்லலாம் பிள்ளை. எழுதும்."

(மேனுகாவைக் குறும்புக்காரி என்று முதலில் எழுதியிருந்தேன். அழித்துவிட்டேன். அவள் உண்மையாகவே அறிய விரும்பினாள்.)

2

வன்னியில் குண்டு வரும்போது வாய் பேசப் போனால் உடம்பு பிந்திவிடும். ஆகவே பயத்தின் இலக்கணம் என்பது—

[இது கட்டுரையாகிறது. விடுகிறேன்.]

3

மொழிபெயர்ப்பாளர் வேலை ஒன்று. மிஞ்சியவர்கள் மேனுகாவும் நானும். முந்தைய இரண்டு நேர்முகங்களிலும் அவளை 'உணர்ச்சி காட்டுவதில்லை' என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். வட்டக்கச்சியில் தகப்பன் படுத்த படுக்கை. உழைக்கக்கூடியவள் அவள் மட்டும்.

நேர்முகம் நடத்திய வெளிநாட்டு அம்மணி எங்கள் இருவரையும் ஒன்றாக இருத்திப் பேசிக்கொண்டிருந்தார். வெளியே லொறி டயர் ஒன்று வெடித்தது.

மேனுகா மேசைக்குக் கீழே குப்புறக் கிடந்தாள். ஒரு சத்தமும் இல்லை.

நான் பதறாமல்—

நான் நிதானமாக—

சரி. நானும் பாதி குனிந்தேன். பிறகு நிமிர்ந்து, புருவத்தை உயர்த்தி, "ஓ மை கோட்" என்றேன்.*

அம்மணியின் முகம் மலர்ந்தது. மேசைக்கடியைக் காட்டி, இவருக்கு என்ன நடந்தது என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

கீழேயிருந்து மேனுகா தமிழில் சொன்னாள்: "சொல்லடி, இஞ்ச எல்லாரும் இப்பிடித்தான் விழுகிறவை எண்டு. நீயும் குனிஞ்சனிதானே."

* உச்சரிப்பு நன்றாக வந்தது. அதை மறைக்க மனமில்லை.

4

முடிவுகள்.

அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்க்கிறேன். வேலை அவளுக்கு.

"அவளுக்குக் கொஞ்சம் நரம்புத் தளர்ச்சி" என்கிறேன்.

அல்லது, அம்மணி இருவருக்குமே வேலை தருகிறார். (நன்கொடையாளர்களுக்கு அனுப்பும் அறிக்கையில் இது அழகாக இருக்கும்.)

எது நடந்தது என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். தாள் இல்லையென்றால் தருகிறேன். என் மேசையில் நிறையக் கிடக்கிறது. ஒவ்வொன்றின் தலையிலும் அந்த நிறுவனத்தின் சின்னம் இருக்கும். மேல்விளிம்பை மடித்துக்கொண்டால் தெரியாது. நான் அப்படித்தான் எழுதுகிறேன்.